மாட்டுக்கு உதிர்ந்துச்சு, குதிரைக்கு உதிரல

எங்க பக்கம் மரு வந்தா யாரும் டாக்டர்கிட்ட போறதில்ல. உப்பும் மிளகும் வாங்கி முடிஞ்சு கோயில்ல கொண்டுபோய் கொட்டிட்டு, திரும்பிப் பாக்காம வந்துரணும், அவ்வளவுதான். ஆறாப்பு படிக்கையில எனக்கே வலது கை நடுவிரல்ல மூணு மரு வந்து, பேனா பிடிச்சா உறுத்தும், அப்பத்தா ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போயி கொட்ட வச்சாக, திரும்பிப் பாத்தா மருவும் கூடவே வந்துரும்னு மிரட்டிக்கிட்டே கழுத்தைப் பிடிச்சு நேரா வச்சுக்கிட்டு வந்தாக. ரெண்டு மாசத்துல உதிர்ந்துருச்சு. அதனால மரு விஷயத்துல எங்க சாமி மேல எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்ல, செல்லி வர்ற வரைக்கும்.

செல்லி எங்க சித்தப்பு குதிரை. செவலை, நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு, வாங்குறப்போ நாலு வயசு. காரைக்குடியிலேருந்து கொஞ்ச தூரத்துல எங்க ஊரு. ஐயா காலத்துல வீட்டுல ஜட்கா வண்டி இருந்துச்சு, ரயிலடியில நின்னுக்கிட்டு இருப்பாகளாம், ரயில்ல வந்து இறங்குற ஆச்சிமாருகளை மூட்டை முடிச்சோட கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு கொண்டுபோய் விடுறது. அப்புறம் பஸ்ஸு வந்து, ஆட்டோ வந்து, வண்டி போயி சக்கரம் மட்டும் கொல்லையில சாஞ்சு கெடந்துச்சு. சித்தப்புக்கு மட்டும் அந்தக் குதிரை ஆசை விடல. ஒரு ஆடி மாசம் அந்தியூர் சந்தைக்குப் போயி இவளைப் பிடிச்சுட்டு வந்துட்டாரு, சித்திகிட்ட கேக்காமலே. மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம், எப்பவாச்சும் ஒரு பந்தயம்னு வருமானம் ஏதோ கொள்ளுக்கும் புல்லுக்கும் வரும்.

வாங்கும்போது சித்தப்பு கூட ரெண்டு பெருசுக போயி சுழி பாத்துருக்காக. நெத்தியில எத்தனை சுழி, கழுத்துல எங்கிட்டு இருக்கு, எந்தச் சுழி எசமானுக்கு ஆகாதுன்னு ஒரு மணி நேரம் விரல் விட்டுத் தடவித் தடவிப் பாத்தாகளாம். பின்னங்கால் தொடை உள்பக்கம் முடி கொட்டி, சாம்பல் பூத்த மாதிரி ஒரு சின்ன வட்டம் இருந்ததை யாரும் பாக்கல. பாத்திருந்தாலும் படைன்னு விட்டுருப்பாக. பின்னால நாங்களும் அப்படித்தான் நெனச்சோம், படைக்குப் போடுற களிம்பைப் போட்டோம், அது பாட்டுக்கு அப்படியே இருந்துச்சு.

கொட்டகையில செல்லிக்குப் பக்கத்துலயே ஒரு கிடேரி கட்டியிருந்தாரு. அதுக்கு அந்த வருசம் கழுத்துலயும் தாடையிலயும் மரு, ஒண்ணு ரெண்டு இல்ல, காலிபிளவரை உதிர்த்து ஒட்டுன மாதிரி. சித்தி வழக்கம் போல உப்பு மிளகு வேண்டிக்கிட்டாக. அஞ்சாறு மாசத்துல ஒவ்வொண்ணா காஞ்சு உதிர்ந்து, தோலு பளபளன்னு ஆயிருச்சு. அதே நேரம் செல்லிக்கு முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல, நெஞ்சுல, வண்டிப் பட்டை உரசுற இடத்துல ஒரு மரு கிளம்புச்சு. புளியங்கொட்டை அளவுதான். சித்தி அதுக்கும் சேத்து வேண்டிக்கிட்டாக. கிடேரிக்கு உதிர்ந்துச்சு, இவளுக்கு உதிரல.

இங்கதான் நான் வர்றேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், நாலு எழுத்து படிச்ச திமிருல, "சின்ன மரு சித்தப்பு, இதுக்குப் போயி வேண்டுதலா, வெட்டி எடுத்தா முடிஞ்சுச்சு"ன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் சித்தப்பு அதைச் சொல்லிக்காட்டல, ஆனா நான் சொல்லித்தான் அது நடந்துச்சு. பக்கத்து ஊருல மாட்டுக்குக் கொம்பு சீவுறது, காயடிக்கிறதுன்னு கைவைத்தியம் பாக்குற ஒருத்தர் வந்தாரு. குதிரை முடியை முறுக்கி மருவோட அடியில சுருக்குப் போட்டு, ரெண்டு நாள் விட்டு, பிளேடால ஒரே இழுப்பு. மேல மயில்துத்தத்தைப் பொடிச்சு அப்புனாரு. ரத்தம் நின்னுச்சு, அவரும் காசை வாங்கிக்கிட்டு போயிட்டாரு, நானும் ரயிலேறிட்டேன்.

ஆவுடையார்கோயில் கதையில நரியெல்லாம் பரியா நின்னு, பாண்டியன் லாயத்துல ராத்திரியோட ராத்திரி மறுபடி நரியா மாறி ஊளையிட்டுச்சுன்னு வரும்ல, அப்படித்தான் ஆச்சு. ஆறு வாரத்துல புளியங்கொட்டை இருந்த இடத்துல வெட்டிப் பிளந்த மாதுளம்பழம் மாதிரி ஒண்ணு நின்னுச்சு. தோலே கிடையாது, பச்சைச் சதை, தொட்டா ரத்தம், ஈ மொய்க்கிறது சொல்ல வேணாம். சித்தப்பு வீடியோ கால்ல காட்டும்போது செல்லி தலையை ஆட்டி ஆட்டி வாலால அடிச்சுக்கிட்டே நின்னா. அது போதாதுன்னு இடது கண்ணு இமையில, தோலுக்கு அடியில, ஒரு பட்டாணி உருளுற மாதிரி இன்னொண்ணு. முதல்ல பாத்தவுக புழுப்புண்ணுன்னு சொன்னாக. அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது. ஈ மூலமா புழுக்குஞ்சு புண்ணுல இறங்கி வர்ற வியாதி குதிரைக்கு நம்ம ஊரு மாதிரி வெக்கைப் பிரதேசத்துல சகஜம், பாக்கவும் இதே மாதிரி இருக்கும், ஐவர்மெக்டின் ஊசியில அடங்கும். இது அடங்கல.

கடைசியில ஒரு வேனைப் பிடிச்சு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். அங்க இருந்த டாக்டரம்மா செல்லியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாக. நெஞ்சைப் பாத்தாக, இமையைப் பாத்தாக, அப்புறம் குனிஞ்சு டார்ச் அடிச்சு தொடை உள்பக்கம் அந்தச் சாம்பல் வட்டத்தைப் பாத்தாக. நாங்க அதைச் சொல்லவே இல்ல. நிமிர்ந்து முதல் கேள்வியே, "மாடு கூட கட்டியிருக்கீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

வியாதி பேரு சார்காய்டு. சதை மாதிரின்னு அர்த்தம். மனுசங்களுக்கு நுரையீரல்ல வர்ற சார்காய்டோசிஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது, பேரு மட்டும்தான் பக்கத்துல. 1936-ல தென்னாப்பிரிக்காவுல ஜாக்சன்னு ஒரு கால்நடை ஆராய்ச்சியாளர் முதல்ல எழுதி வச்சது. உலகம் பூரா குதிரைக்கு வர்ற தோல் கட்டிகள்ல இதுதான் அதிகம், கழுதைக்கும் வரும், தென்னாப்பிரிக்காவுல வரிக்குதிரைக்குக் கூட வந்துருக்கு. காரணம் மாட்டு மரு வைரஸ். பொவைன் பாப்பிலோமா வைரஸ்ல 1, 2-ன்னு நம்பர் போட்டு வச்சிருக்குற ரெண்டு வகை. 1951-லயே அமெரிக்காவுல ஓல்சன், குக்னு ரெண்டு பேரு மாட்டு மருவை அரைச்சு எடுத்த சாறைக் குதிரைத் தோல்ல ஏத்திப் பாத்து, கட்டி கிளம்புறதைக் காட்டிட்டாக.

பாப்பிலோமா வைரஸ்னா ஒரு பெரிய குடும்பம், என் விரல்ல வந்த மரு, பொம்பளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கொண்டு வர்ற எச்.பி.வி., எல்லாமே அதுல பங்காளிகதான். ஆனா இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு, அவனவன் அவன் வீட்டோட இருப்பான். மனுச வைரஸ் மனுசனுக்கு, முயல் வைரஸ் முயலுக்கு. குதிரைக்கும் சொந்தமா மரு வைரஸ் இருக்கு, குட்டிகளுக்கு மூக்கைச் சுத்தி சின்னச் சின்னதா வந்து சில மாசத்துல தானாப் போயிரும். அதே குடும்பத்துல இன்னொண்ணு வயசான குதிரைக்கு மர்ம உறுப்புல புற்றுநோய் வரக் காரணமாகுது, அது வேற கதை. இப்படி வேலி தாண்டாத கூட்டத்துல வேலி தாண்டிப் போயி வியாதி பண்றதுக்குப் பேர் போனது இந்த மாட்டு வைரஸ்தான். மாடும் குதிரையும் ஒரே கொட்டகையில நிக்குது, ஒரே நாரால தேய்க்கிறோம், ஒரே கயிறை மாத்தி மாத்திப் போடுறோம், நடுவுல ஈ வேற. சார்காய்டு மேல உக்காந்த ஈயைப் பிடிச்சுப் பாத்தா அதுல இந்த வைரஸோட டி.என்.ஏ. கிடைக்குது. புண்ணு, சிராய்ப்பு, பட்டை உரசுன இடம், இமை, தொடை இடுக்குன்னு ஈ உக்காருற இடமாப் பாத்துத்தான் கட்டியும் வருது.

சரி, மாட்டுக்கு மட்டும் ஏன் உதிருது? இதைத்தான் நான் டாக்டரம்மாகிட்ட ரெண்டு தடவை கேட்டேன், அப்புறம் ராத்திரி உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன். மாட்டுத் தோல்ல இந்த வைரஸ் மேல் அடுக்குக்கு வந்து குட்டி போடும், தோல் உதிரும்போது கோடிக்கணக்குல வெளிய கொட்டும். அப்படி வெளிய வந்து ஆட்டம் போடுறப்ப உடம்போட காவல்காரன் கண்ணுல பட்டுரும், அடிச்சு விரட்டிரும், மரு காஞ்சு விழுந்துரும். என் விரல்ல நடந்ததும் அதே கூத்துதான், சாமிக்கு உப்புச் செலவு மட்டும். குதிரைகிட்ட வந்த வைரஸ் வழி தெரியாம வந்த ஆளு, அதுக்கு அங்க குட்டி போடத் தெரியாது. தோலுக்கு அடியில நார் நெய்யுற செல்லுக்குள்ள போயி முடங்கிக்கும்.

எங்க ஊருப் பக்கம் பெரிய வீடு பாத்திருப்பீங்க, இந்தத் தெருவுல முகப்பு, அந்தத் தெருவுல பின்கட்டு. முகப்புல பூட்டுத் தொங்கும், ஆத்தங்குடிக் கல்லு மேல தூசி படிஞ்சு கெடக்கும், வீட்டுல யாருமில்லன்னு எல்லாரும் நெனப்போம், பின்கட்டுல எவனோ ஒருத்தன் வருசக்கணக்கா அடுப்பு மூட்டிக் குடியிருப்பான். அப்படித்தான் இந்த வைரஸ் குதிரைக்குள்ள இருக்கு. அதுகிட்ட இ5-ன்னு ஒரு புரதம், மொத்தமே 44 அமினோ அமிலம், புரதக் கணக்குல அது கொசுறு மாதிரி. அந்தக் கொசுறு ரெண்டு வேலை பாக்குது. செல்லைப் பெருகு பெருகுன்னு முடுக்கி விடுது. அதோட, உள்ள என்ன நடக்குதுன்னு செல்லு தன் முகப்புல காட்ட வேண்டிய அடையாளத்தைக் குறைச்சு விட்டுருது. காவல்காரன் தெருவுல நடந்து போறான், பூட்டைப் பாக்குறான், போயிட்டே இருக்கான்.

அதனாலதான் வெட்டுனது தப்பாப் போச்சு. கட்டிக்கு வெளிய நல்லா இருக்குற மாதிரித் தெரியுற தோல்லயும் அந்த டி.என்.ஏ. இருக்கும். வெறுமனே வெட்டி விட்டா திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம், அதுவும் சில மாசத்துக்குள்ளயே, முன்ன இருந்ததை விட மூர்க்கமா. குத்துனாலும் கிள்ளுனாலும் மயில்துத்தம் அப்புனாலும் அதுக்கு உசுப்பி விட்ட மாதிரிதான். டாக்டரம்மா சோதனைக்குச் சதை எடுக்குறதுக்கே யோசிச்சாக. "எடுத்தா முழுசா வைத்தியம் பாக்குறதுக்குத் தயாரா இருக்கணும், இல்லன்னா தொடாம இருக்கணும்"னாக. தொடையில இருந்த சாம்பல் வட்டமும் சார்காய்டுதானாம், இருக்குறதுலயே சாதுவான வகை, அப்பறம் மரு மாதிரி ஒரு வகை, உருண்டையா ஒரு வகை, பச்சைச் சதையா ஒரு வகை, கலந்து கட்டி ஒண்ணு, தோலுக்கு அடியில பரவி ஓடுற கொடூரமான ஒண்ணு. சாதுவா இருக்குறதைச் சீண்டுனா பச்சைச் சதையா மாறிரும். நான் சீண்ட வச்சேன், மாறுச்சு.

ஒரே நல்ல சேதி, இது உடம்புக்குள்ள ஓடி ஈரல், நுரையீரல்னு பரவாது, தோலோட நின்னுரும். சித்தி கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக தொட்டு விளையாடுதே, ஒட்டுமா?" ஒட்டாது. சித்தி அதுக்கப்புறம்தான் பெஞ்சுல உக்காந்தாக.

நெஞ்சுக்கு மயக்க மருந்து குடுத்து, ஓரமா நல்ல தோலையும் சேத்து அகலமா வெட்டி, அந்த இடத்தை உறைய வச்சாக. உறைய வைக்கிறதுக்குத் திரவ நைட்ரஜன். அது எங்கிட்டிருந்து வந்துச்சுங்கிறீங்க, மாட்டுக்குச் சினை ஊசி போடுறவுக பைக்குல வச்சுட்டு வருவாகள்ல, பால்கேன் மாதிரி ஒரு குடுவை, அந்த மாதிரி ஒண்ணுலேருந்துதான். மூடியைத் திறந்ததும் வெள்ளையா புகை வழிஞ்சு தரையில ஓடுச்சு. மைனஸ் 196 டிகிரி. ஊத்துனதும் அந்தச் சதை வெளுத்து, கல்லு மாதிரி ஆயி, டாக்டரம்மா கத்திப் பிடியால தட்டுனப்ப டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. உருகுற வரைக்கும் விட்டு, மறுபடி உறைய வச்சு, மறுபடி. உறையும்போது சாகாத செல்லு உருகும்போது சாகுமாம். சித்தப்பு அந்த மொத்த நேரமும் செல்லி காதைப் பிடிச்சுக்கிட்டு, அவ மயக்கத்துல கெடக்கான்னு தெரிஞ்சும், "ஒண்ணுமில்லத்தா, ஒண்ணுமில்லத்தா"ன்னுக்கிட்டு இருந்தாரு.

இமையை வெட்ட முடியாது, இமை போனா கண்ணு போயிரும். அதுக்குப் பி.சி.ஜி. ஆமா, நம்ம எல்லாருக்கும் பொறந்ததும் கையில குத்துறாகளே, காசநோய்க்கு, சென்னை கிண்டியில 1948-லேருந்து அரசாங்க லேப்ல தயாரிச்சாகளே, அதே பி.சி.ஜி. மனுசங்களுக்கு மூத்திரப்பை கேன்சருக்கும் அதைத்தான் ஊத்துறாக. கட்டிக்குள்ளயே நேராப் போட்டா, அந்தக் கிருமியைப் பாத்துட்டு காவல்காரன் கும்பலா ஓடி வருவான், வந்த இடத்துல பின்கட்டுல இருக்குறவனையும் சேத்துப் பிடிச்சுருவான், இதுதான் திட்டம். கண்ணுகிட்ட இருக்குற கட்டிக்கு இது நல்லாக் கேக்கும், காலுல இருக்குறதுக்கு அவ்வளவாக் கேக்காது. ரெண்டு மூணு வாரம் இடைவெளி விட்டு நாலு ஊசி. ரெண்டாவது ஊசிக்கு அப்புறம் ஒவ்வாமை வந்து குதிரை சாஞ்சிரக் கூடும்னு முன்னாடியே வேற ஊசி போட்டுத்தான் போட்டாக. இமை வீங்கி, சீழ் வந்து, ஒரு வாரம் சித்தி சோறு திங்கல, பாத்தா பயமாத்தான் இருந்துச்சு, ஆனா அப்படி வீங்குறதுதான் மருந்து வேலை செய்யுற லட்சணமாம்.

வேற வழிகளும் இருக்கு. வெளிநாட்டுல கதிரியக்கக் கம்பியைக் கட்டிக்குள்ள சொருகி வைக்கிறாக, அதுதான் கண்ணுக்கு ரொம்ப நல்லா வேலை செய்யுறது, செலவு நமக்கு ஆகாது. சிஸ்பிளாட்டின்னு கேன்சர் மருந்து, அதை எதுல குழப்பிப் போடுவாகன்னு படிச்சப்ப சிரிப்பு வந்துருச்சு, நல்லெண்ணெய்ல. சுத்தம் பண்ணுன நல்லெண்ணெய்ல கலந்தா மருந்து கட்டியை விட்டு ஓடாம நிக்குமாம். சித்தப்புகிட்ட சொன்னேன். "அப்ப நம்ம செக்கு எண்ணெய் போதும்ல"ன்னாரு. போதாது சித்தப்பு, அந்த மருந்தைக் கையாளுறவுகளுக்கே கையுறை இல்லாம தொட்டா ஆபத்துன்னு விளக்கிச் சொல்றதுக்குள்ள எனக்குப் போதும்னு ஆயிருச்சு.

நடுவுல ஒரு தரகர் வந்து, "நெஞ்சுல முடி முளைக்கட்டும், ஆடிச் சந்தையில தள்ளிரலாம், வாங்குறவன் சுழிதான் பாப்பான்"னு சொன்னாரு. இங்கிலாந்துலல்லாம் குதிரை வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர் வந்து சார்காய்டு இருக்கான்னு தேடி எழுதிக் குடுப்பாராம், இருந்தா இன்சூரன்ஸ்காரன் அதுக்குக் காசு தர மாட்டான். இங்க கேக்க நாதி கிடையாது, தள்ளியிருந்தா தள்ளியிருக்கலாம். சித்தப்பு அந்த ஆளுக்கு மோர் குடுத்து அனுப்புனதோட சரி. சித்தப்புக்குக் கோவம் வந்தா மோர்தான் குடுப்பாரு, டீ குடுக்க மாட்டாரு.

அந்த வருசம் புரவி எடுப்புக்கு அய்யனாருக்கு ஒரு மண் குதிரை நேர்ந்துக்கிட்டாரு. வேளார் வீட்டுல போயிப் பாத்தோம், சுடுறதுக்கு முன்னாடி நிழல்ல காய வச்சிருந்தாரு, வயித்துல ஓட்டை, காது மடிச்சு, கழுத்துல மணி. வேளார் ஈரக் கையால அந்தக் குதிரை நெஞ்சைத் தடவிக்கிட்டே, "வியாதி வந்த இடத்துல அடையாளம் எதும் வைக்கணுமாப்பா, சில பேரு கேப்பாக"ன்னாரு. சித்தப்பு பதறிப்போயி, "வேணாம்ணே, எதுவும் வைக்காதீக, அந்த இடத்துல கையே வைக்காதீக"ன்னாரு. வேளார் சட்டுன்னு கையை எடுத்துட்டாரு. எனக்குத் தலையைக் குனிஞ்சுக்கத்தான் தோணுச்சு.

இப்ப ஒன்றரை வருசம் ஆகுது. நெஞ்சுல வெள்ளை முடி முளைச்சுருக்கு, உறைஞ்ச இடத்துல நிறம் திரும்பாது. அந்தப் பக்கம் பட்டையே படக்கூடாதுன்னு வண்டி கட்டுறதில்ல, ஊர்வலம் மட்டும். இமையில ஒரு சின்ன வடு, நாலஞ்சு இமை முடி இல்ல. கிடேரி கன்னு போட்டுருச்சு, அதைக் கொல்லையில வேற தாழ்வாரம் இறக்கிக் கட்டியாச்சு, கயிறு தனி, நார் தனி. ஈக்கு சித்தி பழைய கொசுவலையை வெட்டி முகமூடி தச்சுப் போட்டிருக்காக, அதைப் போட்டுக்கிட்டு அவ நிக்கிறதைப் பாத்தா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு.

தொடையில இருக்குற வட்டத்தை மட்டும் தொடல. அதைத் தொடாம கண்காணிக்கணும், பெருசாகுதான்னு பாக்கணும், அவ்வளவுதான் வைத்தியம்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. மாசா மாசம் அமாவாசைக்கு சித்தப்பு அதுகிட்ட ஒரு பத்து ரூபாய்க் காசை வச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புவாரு. காசு எப்பவும் அதே காசு, கொட்டகைத் தூண்ல ஒரு பையில தொங்கும், எங்க பக்கம் கடையில பத்து ரூபாய்க் காசை வாங்க மாட்டேங்குறாகங்கிறதால அது செலவாகவும் வழியில்ல. பதினாலு மாசமா வட்டம் காசு அளவுதான். போன அமாவாசைக்கு வந்த படத்துல வட்டம் காசை மீறிச் சுத்தி நல்லாத் தெரிஞ்சுச்சு. ஆபீஸ்ல உக்காந்துருந்தவன் வெளிய ஓடி வந்து போன் போட்டேன், எடுக்கல, மறுபடி போட்டேன், எடுக்கல, மூணாவது தடவை எடுத்து சாவகாசமா சொல்றாரு, "பதறாதடா அப்பு. பத்து ரூபாயைப் பேரன் எடுத்துட்டுப் போயி மிட்டாய் வாங்கிட்டான், எந்தக் கடைக்காரன் வாங்குனானோ தெரியல. இது ஒத்த ரூபா."